பேராதனையிலிருந்து கொக்குவிலுக்கு ஒரு குட்டி: வானா, கைமாற்றா, லொறியா, காத்திருப்பா?

2021 செப்டெம்பர் 4, சனிக்கிழமை. நாங்கள் விலை பேசியிருந்த லாப்ரடோர் நாய்க்குட்டிக்கு அன்றைக்கு எட்டுக் கிழமை நிறைந்தது. குட்டி கண்டிக்குப் பக்கத்துப் பேராதனையில், நாங்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் ஏறக்குறைய 320 கிலோமீற்றர். மற்ற நாளென்றால் விடியப்புறம் வெளிக்கிட்டு நடுச்சாமத்துக்குள் குட்டியோடு வந்து சேர்ந்துவிடலாம். ஆனால் ஓகஸ்ட் 20 இரவு 10 மணியோடு நாடு கொரோனா ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது. மாகாண எல்லைகளும் பூட்டு. முற்பணம் 15 ஆயிரம் ரூபா மட்டும் ஊரடங்கு வருமுன்னரே எல்லை தாண்டிப் போயிருந்தது.

ஆறாம் வகுப்புப் படிக்கிற மகன் கைத்தொலைபேசிக்கு முன்னால் குந்தி ஒன்றரை வருசமாகிவிட்டது. பாடத்துக்கு நடுவில் பிரீடர் (குட்டி வளர்த்து விற்பவர்) அனுப்பிய குட்டி வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பான். சரி, எந்தெந்த வழியில் கொண்டுவரலாம் என்று அவனுடைய கணக்குக் கொப்பியின் கடைசி ஒற்றையில் கோடு போட்டேன். செலவு, நேரம், பொலிஸ் என்று மூன்று நிரல். அன்றிரவு அந்தப் பிரீடர், பேராதனை மாத்தயா (சிங்களத்தில் ஐயா), தொலைபேசி எடுத்தார். ஓய்வுபெற்ற மனுசர். என் சிங்களமும் அவருடைய தமிழும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். நான் வழிகளைச் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “மல்லி (தம்பி), குட்டி எத்தனை கை மாறும்?”

நான்காவது நிரலைப் போட்டேன். அதைப் போட்டதும் முதல் மூன்று நிரலில் மேலே நின்ற வழிகள் சில கீழே வந்துவிட்டன. இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று அந்த ஒற்றையைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

வான் பிடித்து நாமே போவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். குட்டியின் பக்கம் நின்று பார்த்தால் இதற்கு மேல் ஒரு வழி இல்லை. கை மாறுவது ஒரே தடவை. தாயை விட்டுப் பிரிந்த அன்றைக்கே இனி வாழப்போகிற வீட்டு ஆட்களின் மணத்தைப் பிடித்துக்கொள்ளும். எட்டுக் கிழமைக் குட்டியால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. நிறுத்தி, பழைய பேப்பர் விரித்து இருக்கவிடலாம். (வீதியோரப் புல்லில் இறக்கவே கூடாது. ஏன் என்று கீழே வருகிறது.) இன்னொரு லாபம், தாய் நாயையும் கூட்டையும் நேரில் பார்க்கலாம். குட்டிகள் படுக்கும் இடத்தின் மணமே பாதி விசயத்தைச் சொல்லிவிடும்.

செலவு? தெரிந்த வான்காரர் கிலோமீற்றருக்கு 60 ரூபா சொன்னார். டீசல் 111 ரூபா விற்ற காலம், குறை சொல்ல முடியாது. போக வர 640 கிலோமீற்றர், 38,400 ரூபா. குட்டியின் விலை 45 ஆயிரம். குட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது வான்.

காசை விடுவோம், எல்லை தாண்ட வேண்டிய அனுமதிப் பாஸ்தான் பிரச்சினை. கிராம சேவகரிடம் கேட்டேன். முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார். “தம்பி, ஆஸ்பத்திரி எண்டால் கடிதம் தரலாம், செத்தவீடு எண்டால் தரலாம். நாய்க்குட்டிக்கு நான் எந்தப் பெட்டியில புள்ளடி போடுறது?”

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் அந்தப் புள்ளடியைத் தானே போட்டுக்கொண்டவர். அதே ஆண்டு முன்னைய பயணத்தடையின்போது கண்டியில் கிளினிக் என்று கடிதம் எடுத்துப் போய், திரும்பி வரும்போது ஒரு பக் குட்டியோடு வந்தார். அதைப் பேஸ்புக்கில் படமும் போட்டார், அதுதான் கெடுத்தது. மூன்றாம் நாள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினார். குடும்பமே 14 நாள் உள்ளுக்குள். குட்டிக்கு வயிற்றோட்டம் வந்தபோது மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லை. மருந்தை மதிலுக்கு மேலால் எறிந்துகொடுத்தோம். குட்டி பிழைத்தது. ஆனாலும் பொய்க் கடிதத்தை நான் என் ஒற்றையில் ஒரு வழியாக எழுதவில்லை. ஓகஸ்ட் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 200-க்கு மேற்பட்ட சாவு அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதம் உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் வரிசையில் நின்ற நேரம் அது.

ஆக, நேர்மையான பாஸ் கிடைக்கிறவருக்கு வான் முதலாம் இடம். எனக்கு அது கோடு கீறி வெட்டிய வரி.

வவுனியாவில் கைமாற்று

எல்லை பூட்டியிருந்த மாதங்களில் பலர் கண்டுபிடித்த குறுக்குவழி இது. தெற்கிலிருந்து ஒருவர் வவுனியா மட்டும் கொண்டுவருவார், வடக்கிலிருந்து இன்னொருவர் போய் வாங்குவார். யாரும் முழுத்தூரம் ஓடத் தேவையில்லை. காகிதத்தில் பார்த்தால் கெட்டிக்கார வழி. எனக்கும் முதலில் இதில்தான் மனம் போனது.

பிறகு சாவகச்சேரி மச்சானின் கதை ஞாபகம் வந்தது. நீர்கொழும்புப் பக்கமிருந்து ஒரு பொமேரியன் குட்டி. விற்றவர், அவருக்குத் தெரிந்த ஓட்டோக்காரர், அவர் ஏற்றிவிட்ட மருந்து வான் சாரதி, சாரதி இறக்கிவிட்ட வவுனியாக் கடை, கடையிலிருந்து எடுத்துவந்த இன்னொரு ஓட்டோக்காரர், கடைசியில் மச்சான். ஐந்து கைமாற்று. ஒன்பது மணித்தியாலம் என்று சொன்னார்கள், 21 மணித்தியாலம் ஆனது. வான் பிந்தியதால் குட்டி ஓர் இரவு முழுக்கப் பூட்டிய கடைக்குள் கிடந்திருக்கிறது.

அந்தப் பெட்டியை நானும் பார்த்தேன். பிஸ்கட் வந்த காட்போட் பெட்டி. பேனையால் குத்திய ஏழெட்டு ஓட்டை. அடியில் விரித்த பேப்பர் ஊறிப் பெட்டியின் அடியும் இளகியிருந்தது. ஒரு மூலையில் காய்ந்துபோன பழைய கறை. அது இந்தக் குட்டியினுடையது இல்லை. யாரோ இதற்கு முன்னும் அந்தப் பெட்டியில் குட்டி ஏற்றியிருக்கிறார்கள். குட்டி எழும்பி நிற்க முடியாமல் தலையைச் சரித்துக்கொண்டு கிடந்தது, முரசு (பல் ஈறு) வெளிறிப்போயிருந்தது. மச்சாள் சீனித்தண்ணியை விரலில் தொட்டு முரசில் பூசினாள். அது சரியான வேலைதான். பொமேரியன் போன்ற சின்னச் சாதிகளின் குட்டிகள் நீண்ட நேரம் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிச் சுருண்டு விழுந்துவிடும். அரை மணித்தியாலத்தில் தலையை நிமிர்த்தியது. எல்லோரும் ஆறுதலடைந்தோம்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டை மணந்துபார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. அப்புறம் வாந்தி. இரவுக்குள் இரத்தத்தோடு வயிற்றோட்டம். அந்த மணத்தை ஒருமுறை மணந்தவர்களுக்கு மிருக வைத்தியர் சொல்லத் தேவையில்லை, பார்வோ என்கிற குடல் தொற்று. மூன்று நாள் சேலைன் ஏற்றினார்கள். எட்டாம் நாள் காலமை முடிந்தது.

பார்வோ கிருமி உடம்புக்குள் போனால் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் வெளியே காட்டும். சில வேளை 14 நாளும் எடுக்கும். அப்படியென்றால் மச்சானின் குட்டிக்கு அது விற்றவர் வீட்டில் தொற்றியதா, பெட்டியிலா, கடைத் தரையிலா? விற்றவர், “என்னட்டையிருந்து போகேக்க நல்லாத்தான் இருந்தது” என்றார். வான் சாரதி தொலைபேசியை எடுக்கவில்லை. கடைக்காரர், தாங்கள் பெட்டிக்குச் சனிடைசர்கூட அடித்ததாகச் சொன்னார். பாவம், அவர் நல்ல மனதோடுதான் அடித்திருப்பார். கொரோனாக் கிருமிக்குக் கொழுப்பாலான ஒரு மேலுறை உண்டு, அற்ககோல் அதைக் கரைத்துவிடும். பார்வோவுக்கு அந்த உறை இல்லை, சனிடைசருக்கு அசையாது. மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சப்பாத்து அடியில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வரும். அதைக் கொல்ல ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவிப் பத்து நிமிசமாவது ஊறவிட வேண்டும். வீதியோரப் புல்லில் குட்டியை இறக்காதே என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

மாத்தயா ஏன் கைகளை எண்ணினார் என்பது எனக்கு அந்தக் கதையோடு விளங்கியது. கை கூடக் கூடக் கிருமிக்கு வாசல் கூடுகிறது, பொறுப்புச் சொல்கிற ஆள் குறைகிறது. பணம் என்று பார்த்தாலும் பெரிய மிச்சமில்லை. மச்சான் வழியில் மட்டும் 11 ஆயிரம் கொடுத்திருந்தான், சேலைன் செலவு வேறு. நான் ஒப்பிட்ட வழிகளில் மோசமானது இதுதான். இதைத்தான் அந்த நேரம் அதிகம் பேர் செய்தார்கள்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மாகாணங்களுக்கிடையே பயணிகள் ரயில் ஓடவில்லை, பஸ்சும் இல்லை. ஓடியிருந்தாலும், சனம் நெருக்கும் இரவு பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எட்டு மணித்தியாலம் வருவதை நான் விரும்பியிருக்க மாட்டேன்.

மரக்கறி லொறி

ஊரடங்கிலும் நிற்காமல் ஓடியவை இவைதான். எங்கள் பக்கத்து வெங்காயமும் பீற்றூட்டும் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு வரும். அத்தியாவசியப் பொருள் என்பதால் பாஸ் இருந்தது, எல்லையில் மறித்தாலும் கடதாசியைப் பார்த்து விட்டுவிடுவார்கள். திருநெல்வேலிச் சந்தைக்குச் சாமான் இறக்கும் ஒரு லொறி அண்ணையை எனக்குப் பத்து வருசமாகத் தெரியும்.

சொன்னதும் வீட்டில் எதிர்ப்பு. லொறி என்றால் பின்னுக்கு மூடைகளுக்கு நடுவில் குட்டி நசிபடுகிற காட்சிதான் எல்லோருக்கும் வரும். நான் கேட்டது முன் இருக்கைக்கு. சாரதிக்குப் பக்கத்தில், கிளீனர் பெடியனின் காலடியில், காற்றுப் போகிற கூடு. அப்படிப் பார்த்தால் வானுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. லொறி இரவில் ஓடுகிறது, அது ஒரு பெரிய நன்மை. நாய்க்கு எங்களைப் போல உடம்பு முழுக்க வேர்க்காது, இளைத்துத்தான் சூட்டை இறக்கும். கண்டிக் குளிரில் பிறந்த குட்டியைப் பகல் வெயிலில் வன்னியால் கொண்டுவருவதைவிட இரவுப் பயணம் எவ்வளவோ மேல். வழியில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்கிப் போகிற ஆபத்தும் இரவில் குறைவு. பகலில் அப்படிப் பூட்டி நிறுத்திய வண்டி பத்து நிமிசத்தில் கொதித்துவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. சத்தம், அதிர்வு, டீசல் மணம். எட்டிலிருந்து பத்துக் கிழமை வரைக்கும் குட்டிகளுக்கு ஒரு பயக்காலம். அந்த வயதில் மிரண்டால் அந்தப் பயம் கனகாலம் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அப்படி மிரண்டு பிறகு வாகனத்தைக் கண்டாலே நடுங்குகிற நாய்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு சாரதி தெரிந்தவராக இருக்கவேண்டும். அவரும் இன்னொருவருக்கு மாற்றிவிடுகிறவர் என்றால், இது லொறி வழி இல்லை, வவுனியாக் கைமாற்றேதான்.

அண்ணை ஒரு நிபந்தனை வைத்தார். “தம்பி, நான் கண்டிக்கு உள்ள போகமாட்டன். தம்புள்ளைக்குக் கொண்டுவந்து தரட்டும். ஊசி போட்ட கொப்பியும் வேணும், பொலிஸ் கேட்டால் காட்ட.”

தம்புள்ளையில்தான் சிக்கல் அவிழ்ந்தது. அது மாத்தளை மாவட்டம், மத்திய மாகாணம். பேராதனையும் மத்திய மாகாணம். கண்டியிலிருந்து தம்புள்ளைக்கு 72 கிலோமீற்றர். மாத்தயாவின் மகன் மோட்டச்சைக்கிளில் வந்தால் எந்த மாகாண எல்லையையும் தாண்டத் தேவையில்லை. ஊரடங்கு மட்டும் எடுபட வேண்டும். எல்லைகளைத் தாண்டுவது லொறியின் வேலை. கைமாற்று இரண்டே இரண்டு.

காத்திருப்பது

எப்போது எடுபடும்? ஓகஸ்ட் 20 அறிவிக்கும்போது 30 மட்டும் என்றார்கள். பிறகு செப்டெம்பர் 6. பிறகு 13. பிறகு 21. பிறகு ஒக்டோபர் 1. இந்தத் திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் காத்திருப்பதன் கஷ்டம் விளங்கும். ஒரு மாதம் என்று முதலே சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு கிழமைதானே என்று மகனுக்குச் சொல்லி, நான்கு தடவை பொய்யனானேன்.

குட்டிக்கு இது நல்லதா? இரண்டு பக்கமும் உண்டு. மூன்றாம் கிழமையிலிருந்து 14-ஆம் கிழமை வரைக்கும் குட்டி உலகத்தைப் பழகுகிற காலம். அப்போது காண்கிற ஆட்கள், சத்தங்கள், தரைகள்தான் பிறகு அதற்குச் சாதாரணம். அந்தக் காலத்தின் பாதியைப் பேராதனைக் கூட்டுக்குள் கழித்தால் ஓட்டோச் சத்தமும் கோயில் மணியும் சின்னப்பிள்ளைகளும் அதற்குப் புதுசாகவே இருக்கும். மறுபக்கத்தில், தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இன்னும் கொஞ்சம் இருந்தால் கடியின் அளவைப் படிக்கும். அதிகம் கடித்தால் தங்கச்சி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. தடுப்பூசியும் அங்கேயே ஒழுங்காக நடக்கும். நாட்டில் மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் பேராதனையில்தான் இருக்கிறது. ஊரடங்கிலும் மாத்தயாவின் ஒழுங்கைக்குள் ஊசி போட ஒரு டொக்டர் இருந்தார். ஆறாம் கிழமை முதல் ஊசி, ஒன்பதில் இரண்டாவது, பன்னிரண்டில் மூன்றாவது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்தக் கிழமை தேயும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரு ஊசியோடு நிறுத்தாமல் 16-ஆம் கிழமை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவது அதனால்தான். மச்சானின் பொமேரியன் ஒரு ஊசியோடு வந்தது.

காத்திருக்கத் தீர்மானித்தால் பிரீடரிடம் இரண்டு விசயம் பேசவேண்டும். ஒன்று சாப்பாட்டுக் காசு. நாங்கள் ஒரு நாளைக்கு 250 ரூபா என்று ஒத்துக்கொண்டோம். இதைப் பேசாமல் விட்டால் பத்தாம் கிழமை குட்டி வேறு ஆளுக்குப் போயிருக்கும், அல்லது அரைவயிற்றில் வளரும். மற்றது, கூட்டுக்கு வெளியே எடுப்பது. சமையலறையில் விடு, குக்கர் விசில் கேட்கட்டும், குடை விரித்துக் காட்டு என்று நான் கேட்க, அவர் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ எடுத்து அனுப்பினார். எல்லாப் பிரீடரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். செய்யாதவரிடம் குட்டியைக் காத்திருக்க வைப்பதை நான் சொல்லமாட்டேன். எட்டுக் கிழமையில் லொறியில் வருவதே அதற்கு மேல்.

ஏமாற்றுக்காரருக்கும் அந்தக் காலம் கொண்டாட்டம். நேரில் வந்து பார்க்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். மகனின் பெயரைத் தாளில் எழுதிக் குட்டிக்குப் பக்கத்தில் பிடித்து வீடியோ அழைப்பில் காட்டச் சொன்னேன், தாய் பால் கொடுப்பதையும் காட்டச் சொன்னேன். மாத்தயா சிரித்துக்கொண்டு காட்டினார். அவருக்கு முன் நான் பேசிய ஒருவர், “இப்ப நெட் வேலை செய்யேல்லை, காசைப் போட்டிட்டு ஸ்லிப்பை அனுப்புங்கோ” என்றவர், அதற்குப் பிறகு என் இலக்கத்தை மறித்துவிட்டார்.

பக்கத்திலேயே எடுப்பது

இதை முதலில் எழுதியிருக்கவேண்டும். தூரமே இல்லாவிட்டால் மேலே உள்ள தலையிடி ஒன்றும் இல்லை. பேஸ்புக்கில் யாழ்ப்பாணத்திலேயே லாப்ரடோர் விற்ற இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் 60 ஆயிரம் சொன்னார். மற்றவருடையது ஐந்து கிழமைக் குட்டி: “பால் மறந்திட்டுது, கொண்டு போங்கோ.” ஐந்து கிழமையில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறவர் எந்த ஊரில் இருந்தாலும் எனக்குத் தூரம்தான்.

அம்மாவின் வழி வேறு. “கொக்குவில் ஸ்ரேஷனடி மதகுக்குள்ள நாலு குட்டி கிடக்கு. அதுகள் குரைக்காதோ?” அவ சொன்னதில் நியாயம் நிறைய. ஊர்க்குட்டிக்கு எங்கள் வெயில் பிறப்பிலேயே பழக்கம். லாப்ரடோருக்கு இரண்டு அடுக்கு மயிர். பங்குனி சித்திரையில் சீமெந்துத் தரையைத் தேடி அலையும், வயது போனால் இடுப்பு மூட்டும் படுத்தும். ஊர்க்குட்டிக்கு விலை இல்லை, பாஸ் இல்லை, கைமாற்றும் இல்லை. ஊசி ஒன்றும் போடாதது, வயிறு நிறையப் பூச்சி, உடம்பு முழுக்கத் தெள்ளு என்பதுதான் குறை. பூச்சி மருந்தும் ஊசியும் ஒரு மாதத்தில் அந்தக் குறையில் பாதியைத் தீர்த்துவிடும். நாய் ஒன்று வேண்டும் என்பவருக்கு நான் தயங்காமல் மதகைத்தான் காட்டுவேன். எங்களுக்கு வேண்டியிருந்தது மகன் ஆறு மாதமாகப் படம் வரைந்துகொண்டிருந்த மஞ்சள் லாப்ரடோர். அதில் நியாயம் தேடினால் கிடைக்காது.

அம்மா காத்திருக்கவில்லை. செப்டெம்பர் 21 என்ற திகதியும் தள்ளிப்போன அன்று பின்னேரம் மதகுக் குட்டிகளில் ஒன்றைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டா. கறுப்பு, பெட்டை. பெட்டை என்பதால்தான் அந்த நாலையும் யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கறுப்பி என்று அவவே பெயரும் வைத்தா.

கடைசியில் நடந்தது

ஒக்டோபர் 1 காலமை ஊரடங்கு எடுபட்டது. மாகாண எல்லை அப்படியே இருந்தது. 5-ஆம் திகதி பின்னேரம் மாத்தயாவின் மகன் குட்டியைத் தம்புள்ளைக்குக் கொண்டுவந்தான். பன்னிரண்டு கிழமை தாண்டியிருந்தது, மூன்று ஊசியும் முடிந்திருந்தது. வெளிக்கிட நான்கு மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லியிருந்தேன். புதுப் பிளாஸ்ரிக் கூடு, தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு, ஒரு கிழமைக்கு அங்கே தின்ற அதே சாப்பாடு. செலவைச் சொன்னால், மோட்டச்சைக்கிளுக்கு 2,500, லொறி அண்ணைக்கு 3,000, காத்திருந்த 31 நாளுக்கு 7,750, கூடு 4,200. மொத்தம் 17,450. வானில் போயிருந்தால் கூடு இல்லாமலே 38,400.

லொறி இரவு எட்டுக்கு வெளிக்கிட்டது. மதவாச்சியில் ஒரு மறிப்பு, வவுனியா ஈரற்பெரியகுளத்தில் ஒன்று. அங்கே ஊசிக் கொப்பியை டோர்ச் அடித்துப் பார்த்தார்களாம். மாங்குளத்தில் அண்ணை ஒரு படம் அனுப்பினார், கிளீனர் பெடியனின் சரத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு நித்திரை. விடிய நாலே காலுக்குப் படலையடியில் ஹோர்ன் கேட்டது. அம்மா டெற்றோல் போத்தலோடு நின்றா. நாயின் தோலுக்கு அது கூடாது என்று அதைப் பறித்து வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கூட்டைத்தான் பிளீச் தண்ணியால் கழுவினோம். வந்த குட்டி புரூனோவைப் பின் விறாந்தையிலும் கறுப்பியைக் குசினிப் பக்கத்திலும் 14 நாள் பிரித்து வைத்தோம். மகன் இரண்டு இடத்திலும் தாளில் எழுதி அறிவித்தல் ஒட்டினான், பி.எச்.ஐ. கையெழுத்தோடு.

காசு கொடுக்கும்போது அண்ணை தலையைச் சொறிந்தார். வீட்டுக்கென்று காலடியில் ஒரு பையில் கரட் வைத்திருந்தாராம். கிளிநொச்சி தாண்ட, கூட்டுக் கதவு திறந்துகிடந்தது, குட்டி பைக்குள் கிடந்தது. ஒரு கிலோவுக்குக் கிட்டச் சரி. 200 ரூபா கூடக் கேட்டார், கொடுத்தேன்.